பால் இல்லாத முப்பது நாள்: ஒரு மதுரை வீட்டு மளிகைக் கணக்கு

மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன தீபாவளிக்கு வந்தவள், ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். கறி, முட்டையை அவள் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தடவை பாலையும் விடப்போவதாகச் சொன்னாள்.

“அப்ப தயிரு?” என்று என் மாமியார் கேட்டார்.

“தயிரும் இல்ல அப்பத்தா.”

“மோரு?”

“அதுவும் பால்தானே அப்பத்தா.”

“நெய்யி?”

இப்படியே வெண்ணெய், பால்கோவா, ஜிகர்தண்டா வரைக்கும் போனது. கடைசியில் அத்தை, “அப்ப என்னத்தத்தான் திங்கப் போற?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் கொஞ்சம் மாற்றி என் நோட்டில் எழுதிக்கொண்டேன்: என்ன வாங்கப் போகிறோம், எங்கே வாங்கப் போகிறோம், எவ்வளவு ஆகும்?

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். வீட்டுச் செலவையும் இருபது வருஷமாக நோட்டில் எழுதி வருகிறேன். ஆகவே 2025 நவம்பர் 1 முதல் 30 வரை, பால் பொருட்களுக்கு முன்பு போன பணம் எவ்வளவு, அந்த இடத்தில் புதிதாக வந்தவற்றுக்குப் போனது எவ்வளவு என்று தனியாக ஒரு பக்கம் போட்டேன். நவம்பர் 1 உலக வீகன் தினம் என்பதால் தேதி மகள் தேர்ந்தெடுத்தது. நனிசைவம் என்று இதற்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. கடையில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. “பால் சேர்க்காத சைவம்” என்றால் உடனே புரிந்தது.

வீட்டில் நான்கு பேர். பொதுச் சமையலில் பால், தயிர், நெய், வெண்ணெய், தேன் கிடையாது என்று முடிவு செய்தோம். அத்தைக்கும் என் கணவருக்கும் காப்பிக்காக மட்டும் தினமும் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று தொடரும். இதில் மகளுக்கு வருத்தம்தான். ஆனால் எழுபத்தெட்டு வயதுக்காரரின் காலைக் காப்பியில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அக்டோபர் செலவை முப்பது நாளுக்குப் போட்ட கணக்கு இது: தினம் ஒரு லிட்டர் வீதம் பாலுக்கு 1,320 ரூபாய். கடைத் தயிர் ஏறக்குறைய 400. அரை கிலோ நெய் 350. பனீர், வெண்ணெய் என்று சில்லறையாக 300. மொத்தம் 2,370. இதில் காப்பிப் பாலுக்கு 660 போக, மீதி 1,710 ரூபாய் நவம்பருக்குக் கையில் இருந்தது. அந்தப் பணத்துக்குள் முடிகிறதா என்பதுதான் சோதனை.

முதல் வாரம்

முதல் நாள் மகளும் நானும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். ‘ஹெல்த்’ என்று போர்டு மாட்டிய ரேக் ஒன்று இருந்தது. ஒரு லிட்டர் பாதாம் பானம் 260, ஓட்ஸ் பானம் 290, டோஃபு இரண்டு பாக்கெட் 200, வீகன் சீஸ் 380, கறி மாதிரியே இருக்கும் சோயாத் துண்டு ஒரு பாக்கெட் 320, ராகி குக்கீஸ் 180, டார்க் சாக்லேட் 150. எட்டுப் பாக்கெட், பில் 1,780 ரூபாய். ஒரு மாதப் பணம் ஒரே பில்லில் போய், மேலே 70 ரூபாய் கையைக் கடித்தது.

எல்லாம் ஆறே நாளில் தீர்ந்தது. தீர்ந்த பிறகு டப்பாக்களைக் குப்பையில் போடாமல் வரிசையாக வைத்துப் படித்தேன். வாங்கும்போதே படித்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் பாக்கெட் உணவின் சேர்மானப் பட்டியலை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதி ரேக்கைக் கடந்துவிடலாம். பாதாம் பானத்தில் முதலில் இருந்தது தண்ணீர். பாதாம் சில சதவீதம்தான். புரதம் 100 மில்லிக்கு ஒரு கிராம்கூட இல்லை. சீஸில் முன்னால் நின்றவை தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும். தேங்காய் எண்ணெய் குளிர்ந்தால் உறையும் என்பது நமக்குத் தெரியாததா? அதற்கு 380 ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

இந்தப் பானங்களில் ‘பால்’ என்ற சொல்லைக் காணோமே என்று அத்தைக்கு ஒரு சந்தேகம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல், பால் இனத்தைக் குறிக்கும் பெயர்களைத் தாவரப் பொருட்களுக்கு வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. அதனால்தான் ‘ஆல்மண்ட் டிரிங்க்’, ‘சோயா பெவரேஜ்’ என்று போடுகிறார்கள். தேங்காய்ப்பால் காலங்காலமாக அப்படியே வழங்கும் பெயர் என்பதால் தப்பித்தது. செயலியில் தேடி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால், தேடும் பெட்டியில் வெறும் ‘மில்க்’ என்று போட்டு ஏமாற வேண்டியதில்லை.

வரியையும் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் தாவரப் பால் பானங்களுக்கு 18 சதவீதமும் சோயாப்பால் பானத்துக்கு 12 சதவீதமும் ஜிஎஸ்டி இருந்தது. இப்போது இரண்டுக்கும் 5 சதவீதம். நாங்கள் கொடுத்தது குறைந்த பிறகான விலை. குறைந்தும் இவ்வளவு.

பச்சைப் புள்ளி சொல்லாதது

அந்த எட்டுப் பாக்கெட்டில் இரண்டு வீகனே இல்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ராகி குக்கீஸ் பாக்கெட்டின் பின்பக்கம், மடிப்புக்கு அடியில், வெண்ணெய் என்று பொடி எழுத்தில் இருந்தது. டார்க் சாக்லேட்டில் பால் கொழுப்பு. இரண்டிலும் பச்சைப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியை நம்பித்தான் வாங்கினோம். கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால், “பிரிச்ச பாக்கெட்ட எடுக்க மாட்டோம் மேடம்” என்றார்கள். அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் ரேக்கின் பெயரைப் படித்தோம், பாக்கெட்டைப் படிக்கவில்லை.

சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி ‘சைவம்’ என்று மட்டும்தான் சொல்கிறது. விதிப்படி அசைவம் என்பதன் இலக்கணத்திலிருந்து பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு இவற்றை விலக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே நெய்யில் பொரித்ததானாலும், அரக்கு பூசிப் பளபளக்கும் மிட்டாயானாலும் பச்சைப் புள்ளிதான். வீகனுக்கென்று தனிச் சின்னம் 2022-ல் வந்தது. சதுரத்துக்குள் பச்சை ‘வி’ எழுத்து, மேலே ஒரு சிறு இலை. அந்தச் சின்னம் இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். ஆனால் எங்கள் அனுபவத்தில் அது விலை கூடிய பாக்கெட்டுகளில்தான் தென்பட்டது. அவலுக்கும் பொட்டுக்கடலைக்கும் அந்தச் சின்னம் வாங்க யாரும் மெனக்கெடுவதில்லை.

பச்சைப் புள்ளிக்கு இன்னொரு பக்கமும் உண்டு, நல்ல பக்கம். வெளிநாட்டுப் பட்டியல்களைப் படித்துவிட்டு மகள் ஐஎன்எஸ் 471 போன்ற சேர்மான எண்கள், லெசித்தின், ஜெலட்டின் என்று ஒவ்வொன்றாகப் பயந்துகொண்டிருந்தாள். அதெல்லாம் மிருகக் கொழுப்பிலிருந்தோ எலும்பிலிருந்தோ வந்திருந்தால் இங்கே பச்சைப் புள்ளி வைக்க முடியாது. எனவே நம் ஊரில் பச்சைப் புள்ளி உள்ள பாக்கெட்டில் தேட வேண்டியது சில சொற்கள்தான்: பால் பவுடர், மில்க் சாலிட்ஸ், பாலிலிருந்து பிரிக்கும் வே, கேசீன், வெண்ணெய், நெய், தேன். எண்ணில் பார்த்தால் 901 தேன்மெழுகு, 904 அரக்கு. இதைவிடச் சுருக்கமான வழியும் இருக்கிறது. ஒவ்வாமை தரும் பொருட்களைத் தனி வரியில் சொல்ல வேண்டும் என்பதால், பட்டியலுக்குக் கீழே ‘கன்டெய்ன்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘மில்க்’ இருக்கிறதா என்று பார்த்தால் பால் விஷயம் முடிந்தது. தேன், 901, 904 மட்டும் பட்டியலில்தான் தேட வேண்டும். ‘மே கன்டெய்ன்’ என்றிருந்தால் அது ஆலையில் பக்கத்து இயந்திரத்தில் பால் ஓடுகிறது என்கிற எச்சரிக்கை. மகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் மசாலாச் சிப்ஸ், பாக்கெட் சூப், பிரெட் என்று எதிர்பாராத இடத்தில் எல்லாம் பால் பவுடர் தலைகாட்டியது. மாறாக, அரையடி தள்ளி இருந்த சாத்தூர்க் காராச்சேவிலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயிலும் பட்டியல் நான்கைந்து சொல்லோடு முடிந்தது. பால் வாசனையே இல்லை. முறுக்கில் மட்டும் வெண்ணெய் முறுக்கா என்று பார்க்க வேண்டும்.

கீழமாசி வீதிக்குப் போனது

எட்டாம் நாள் பையை எடுத்துக்கொண்டு கீழமாசி வீதிக்குப் போனேன். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொத்த மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கும் வீதி. மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே நுழைந்துதான் போக வேண்டும். நான் வழக்கமாக வாங்கும் அண்ணாச்சியிடம், பால் இல்லாத சமையலுக்குச் சாமான் வேண்டும் என்றேன்.

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “விரதமாக்கா?” என்றார்.

“இல்லண்ணாச்சி, பொண்ணு பால் சாப்பிட மாட்டேங்குது.”

“அப்ப இங்க இருக்கிற எல்லாமே அதுக்குத்தான்” என்று கடையைக் கை வீசிக் காட்டினார்.

சும்மா வாய்ப்பேச்சாகச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா தெரியாது. ஆனால் உண்மை அதுதான். அவர் கடையில் நூற்றுக்கணக்கான சாமான் இருக்கிறது. நெய் டப்பாவையும் பால் பவுடரையும் தேனையும் எடுத்துவிட்டால் மிச்சம் அத்தனையும் வீகன். சூப்பர் மார்க்கெட்டில் நாங்கள் ஒரே ஒரு ரேக்கைத் தேடிப் போனோம். இங்கே ரேக்கே தேவைப்படவில்லை.

அன்று வாங்கியதும் பிறகு மாதக் கடைசி வரை வாங்கியதும் சேர்த்து: நிலக்கடலை 2 கிலோ 280 ரூபாய், சோயா பீன்ஸ் ஒரு கிலோ 90, எள் அரை கிலோ 120, கேழ்வரகு 2 கிலோ 100, சில்லறை மீல்மேக்கர் அரை கிலோ 75, கருப்புக் கொண்டைக்கடலை ஒரு கிலோ 90, வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேங்காய் எட்டு 280. தேங்காய் விலை அந்த வருஷம் ஏறிக் கிடந்ததால் தேங்காய்ப்பாலை நம்பிச் சமைக்கலாம் என்ற என் திட்டம் இரண்டு சொதியோடு நின்றுபோனது. மொத்தம் 1,035. மருந்துக் கடையில் பி12 மாத்திரைக்கு 150. ஆக 1,185.

அண்ணா நகர் உழவர் சந்தைக்கு வாரம் இரண்டு தடவை விடியற்காலையில் போனோம். 1999 நவம்பர் 14-ல் தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை தொடங்கிய இடம் அது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் நேராக விற்கிறார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பேரம் பேசும் வேலை இல்லை. காய்கறிச் செலவு எப்போதும் உள்ளதுதான் என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கீரை மட்டும் இரட்டிப்பாக வாங்கினோம்: முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி.

பத்துக் கிராம் புரதம் என்ன விலை

“பால் குடிக்காட்டி தெம்பு எங்கிருந்து வரும்?” என்று அத்தை தினம் ஒரு தடவை கேட்டார். பாக்கெட்டில் உள்ள விவரத்தையும், பாக்கெட் இல்லாதவற்றுக்கு உணவுச் சத்து அட்டவணையையும் வைத்து, எங்கள் பில் விலைக்குப் பத்துக் கிராம் புரதம் எவ்வளவுக்கு வருகிறது என்று போட்டுப் பார்த்தேன். இந்த மாதம் நான் போட்ட கணக்குகளில் எனக்கே ஆச்சரியம் தந்தது இதுதான்.

பால், லிட்டர் 44 ரூபாய் வீதம், பதினான்கு ரூபாய்க்குப் பத்துக் கிராம் தருகிறது. பனீர் 26 ரூபாய். நாங்கள் வாங்கிய டோஃபு 40 ரூபாயைத் தாண்டியது. பாதாம் பானத்தில் பத்துக் கிராம் புரதம் வேண்டுமென்றால் ஒரு லிட்டரையும் குடித்துவிட்டு அடுத்த டப்பாவை உடைக்க வேண்டும், 260 ரூபாய்க்கு மேல். சில்லறை மீல்மேக்கர் மூன்று ரூபாய்க்குள். கருப்புக் கொண்டைக்கடலை ஐந்து ரூபாய். கடைத் துவரம்பருப்பு ஐந்தரை. நிலக்கடலை ஆறு.

எல்லாவற்றையும் விடக் கீழே ஒன்று இருக்கிறது. ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். நூறு கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம். பத்துக் கிராம் ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. அரிசி விலையில்லாமல் வருகிறது, பாமாயில் லிட்டர் 25 ரூபாய். நாட்டிலேயே மலிவான வீகன் கடை எதுவென்று என்னைக் கேட்டால் எங்கள் தெரு ரேஷன் கடையைத்தான் காட்டுவேன். மாதத்துக்கு ஒரு கிலோ பருப்புதான் தருவார்கள், அதுவும் சில மாதம் பிந்தி வரும் என்பது வேறு கதை.

பருப்பு, கடலைப் புரதமும் பால் புரதமும் ஒன்றல்ல என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் பருப்பைத் தனியாகத் தின்பதில்லை, சோற்றோடு தின்கிறோம். ஒன்றில் குறைவதை மற்றது ஈடு செய்கிறது. இட்லிக்கு உளுந்தும் அரிசியும் சேர்ந்தது ருசிக்கு மட்டும் இல்லை.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு. நூறு கிராமில் 364 மில்லிகிராம். பசும்பாலில் 120-ஐ ஒட்டி. எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். தானியத்திலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது பாலிலிருந்து எடுப்பதைவிடக் குறைவு என்பதால் ஊறவைத்து முளைகட்டி அரைத்தோம்.

பி12 தான் உண்மையான சிக்கல். செடியில் நம்பும்படியாக அது கிடைக்காது, கீரையைத் தின்று சமாளிக்க முடியாது. இங்கே எனக்குத் தெரியவந்த ஒரு செய்தி: ரேஷனில் அப்போது வந்த செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12-ம் சேர்த்திருந்தார்கள். அரிசி மாவோடு சத்தைக் கலந்து அரிசி வடிவத்தில் பிழிந்த மணிகள் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருந்தன. கொஞ்சம் வெளுத்துத் தெரிந்த அந்த மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று சொல்லி அத்தை ஒரு வருஷமாக முறத்தில் புடைத்து, பொறுக்கிப் பொறுக்கிக் காக்காய்க்குப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருக் காக்காய்களுக்கு ரத்தசோகையே வராது. ஆனால் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோகிராம்தான் சேர்த்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே இரண்டுக்கு மேல் வேண்டும். அதனால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கினோம். அந்த 150 ரூபாயில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

காப்பியும் தயிரும்

சமையலில் பால் இல்லாதது இரண்டே இடத்தில்தான் உறைத்தது. சாம்பாரும் புளிக்குழம்பும் சுண்டலும் பால் கேட்பதில்லை. மதுரை இட்லிக் கடைகளில் தட்டு நிறைய வைக்கும் சட்னிகளிலும் வழக்கமாகப் பால் கிடையாது. பொடிக்கு நெய்யா நல்லெண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். சாயங்காலம் தள்ளுவண்டியில் வரும் பருத்திப்பாலை மகள் இந்த மாதம்தான் மதித்துக் குடித்தாள். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, வெல்லம், சுக்கு, ஏலக்காய், தேங்காய் போட்டுக் காய்ச்சுவது. “இதுல மாட்டுப்பால் ஊத்துவீங்களாண்ணே?” என்று கேட்டதற்கு, அவர் திட்டாத குறையாக இல்லை என்றார்.

உறைத்த இடங்கள் காப்பியும் தயிரும்.

சோயாப்பால் செலவில் ஆகக் குறைவு. நூறு கிராம் பீன்ஸில் ஒரு லிட்டர் வருகிறது, ஒன்பது ரூபாய். முதல் தடவை ஊறவைத்து, பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து அடுப்பில் வைத்தேன். நுரை பொங்கி வந்தது. கொதித்துவிட்டது என்று இறக்கினேன். அது கொதி இல்லை, வெறும் நுரை. பச்சை வாடை வீடு முழுக்க. அரைக்கும்போதே சுடுதண்ணீர் விட வேண்டும், பொங்கியதைக் கிளறி அமர்த்தி அதன் பிறகும் கால் மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வாடைக்கு மட்டும் இல்லை, பச்சைச் சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அடங்கும்.

கடலைப்பாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருநூறு கிராம் கடலையை ராத்திரி ஊறப்போட்டு, அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்தால் ஒரு லிட்டர். 28 ரூபாய். மாட்டுப்பாலைவிட 16 ரூபாய் குறைவு. காப்பியில் ஊற்றினால் சில நாள் திரிந்தது. டிகாக்ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, பாலைச் சூடாக்கி மெல்ல ஊற்றினால் திரியவில்லை. என்றாலும் அது காப்பி இல்லை என்று என் கணவர் இரண்டாம் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மகள் கருப்பட்டி போட்ட வரக்காப்பிக்கு மாறிக்கொண்டாள். மாற்றுத் தேடுவதைவிட அதுவே மேல் என்பது என் கட்சியும்.

தயிரை அத்தை காப்பாற்றினார். உறைமோர் இல்லாத வீட்டில் மிளகாய்க் காம்பைப் போட்டு உறையவைப்பது பழைய கைவேலை. காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர் அந்த வேலையைச் செய்கிறது. காய்ச்சி வெதுவெதுப்பாக இருந்த கடலைப்பாலில் ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தார். நவம்பர் மழைக் குளிரில் மறுநாள் மத்தியானம்தான் உறைந்தது, அதுவும் தண்ணியாக. அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாள் உறை ஊற்றியபோது நன்றாக வந்தது. கட்டித் தயிர் மாதிரி கரண்டியில் நிற்காது. மோர்க்குழம்புக்கும், கடுகு தாளித்த தயிர்ச்சோற்றுக்கும் குறை சொல்ல முடியவில்லை. பிழிந்த சக்கையைக் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை. வெங்காயம், சோம்பு, கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு சேர்த்து வடையாகத் தட்டினார். பேத்தியின் புதுப் பழக்கத்தில் அவருக்குப் பிடித்துப்போன ஒரே விஷயம் அந்த வடை.

நோட்டில் தேறியது

முதல் வாரத்து 1,780-ம் பிறகு ஆன 1,185-ம் சேர்த்து 2,965 ரூபாய். கையில் இருந்தது 1,710. ஆக 1,255 ரூபாய் கூடுதல் செலவு. அந்த மொத்தத்தை மட்டும் பார்த்தால், இது வசதி உள்ளவர்கள் பிழைப்பு என்று சொல்லிவிடலாம்.

முதல் வாரத்தைத் தள்ளிவிட்டு மீதி 23 நாளை மட்டும் பார்த்தால் வேறு மாதிரி. அந்த நாட்களுக்கு உரிய பங்கு 1,311. செலவு 1,185. மிச்சம் 126 ரூபாய். மாட்டுப்பால் வீட்டைவிடச் செலவு கூடவில்லை, பெரிதாகக் குறையவும் இல்லை.

ஆனால் நோட்டில் இன்னொரு பத்தியும் வைத்திருந்தேன், நேரத்துக்கு. ஊறவைக்க, அரைக்க, பிழிய, துணி அலச, மிக்ஸி கழுவ, பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்க என்று வழக்கத்துக்கு மேல் நாளுக்கு முக்கால் மணி நேரம் போனது. 23 நாளுக்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல். 126 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்ச் சொச்சம். அந்தக் கூலியும் முக்கால்வாசி எனக்கும் அத்தைக்கும் உரியது. மகள் வேலை நாட்களில் எட்டு மணிக்கே கணினி முன் உட்கார்ந்துவிடுவாள். அவள் அப்பா இரண்டு தடவை துணி பிழிந்தார், அதை நான்கு பேரிடம் சொன்னார்.

‘வீகன் சாப்பாடு மலிவு’ என்கிறவர்கள் கீழமாசி வீதி விலையைச் சொல்கிறார்கள். ‘ரொம்பக் காஸ்ட்லி’ என்கிறவர்கள் ரேக் விலையைச் சொல்கிறார்கள். இரண்டு விலைக்கும் நடுவில் ஒரு சமையலறையும் ஒரு ஆளின் கையும் இருக்கிறது. டப்பாவுக்குக் கொடுத்த 260 ரூபாயில் அதுவும் சேர்ந்திருந்தது என்பதை இப்போது மறுக்க மாட்டேன். இருந்தாலும் கூலி கொஞ்சம் அதிகம்தான்.

கோயம்புத்தூர் அறை

டிசம்பர் முதல் வாரம் அவள் கிளம்பினாள். அங்கே மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு அறை. இண்டக்ஷன் அடுப்பு ஒன்று, மிக்ஸி கிடையாது. எங்கள் வீட்டுக் கணக்கு அங்கே செல்லாது என்பது எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து வேறு சிட்டை எழுதினோம். அரைக்கும் வேலை இல்லாதவை மட்டும்: அவல், பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, வாழைப்பழம், கடலைமிட்டாய், சுடுதண்ணீரில் ஊறினால் போதும் என்பதால் மீல்மேக்கர். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் அவிக்கக் கொண்டைக்கடலை. இங்கிருந்து பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் கட்டிக் கொடுத்தேன். டீக்கு என்று வாரம் ஒரு லிட்டர் சோயா பானம் மட்டும் கடையில் வாங்குகிறாள், 130 ரூபாய் ஆகிறதாம். அதற்குப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் வாங்கினாள். சர்க்கரை சேர்க்காத டப்பா, புரதம் 100 மில்லிக்கு மூன்று கிராம். பாதாம் பானத்தோடு ஒப்பிட்டால் விலையில் பாதி, சத்தில் மூன்று மடங்கு.

போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். மூன்று பேரும் பணம் போட்டுப் பழைய மிக்ஸி ஒன்று வாங்குவதாகப் பேச்சு நடக்கிறது. மற்ற இருவரும் பால் குடிக்கிறவர்கள்தான், அவர்களுக்குச் சட்னி வேண்டும், அவ்வளவே. வடிகட்டத் துணி மட்டும் இல்லையாம். அவள் அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை நான்காகக் கிழித்து, வெந்நீரில் அலசி, கொடியில் போட்டிருக்கிறேன்.